ருசி பார்க்காமல் சுட்ட சீஸ்கேக்

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். இந்தத் தவக்காலத்துக்கு இனிப்பையும் பாலையும் விட்டாயிற்று. ஈஸ்டர் வரை கடுங்காப்பிதான். வழக்கமாகக் கறியை விடுவேன். மீன் கொட்டிக்கிடக்கும் தூத்துக்குடியில் கறியை விடுவது ஒரு தியாகமா என்று கஸ்பார் கேலி செய்வார். என் வீட்டுக்காரர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு என்னைக் கேலி செய்வதைத் தவிர அவருக்கு வேறு உத்தியோகம் இல்லை. இந்த வருடம் வாயைத் திறக்கவில்லை. எதற்காக விட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

ஜோவிட்டாவுக்கு இன்றோடு இருபத்திரண்டு வாரம். என் மருமகள். மகன் ரெக்ஸன் கப்பலில் எஞ்சினியர், இப்போது எந்தக் கடலில் இருக்கிறானோ. இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் போனது. இந்தத் தடவை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "இருபத்தெட்டு வாரம் தாண்டட்டும், அதுக்கப்புறம் நான் சிரிச்சுப் பேசுதேன்" என்றார் டாக்டரம்மா. காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் 16. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமை.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள் நான். அதனாலேயே தையல் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பிரிந்தது எத்தனை பார்த்திருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போகவில்லை. அவளைத் தனியாக விட மனமில்லை.

மத்தியானம் ஊளி மீன் குழம்பு. தட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாருக்குங்க அத்தை" என்றாள். எங்கள் பக்கம் மாமியாரை மாமி என்போம். இவள் கோயம்புத்தூர்க்காரி, அத்தை என்கிறாள். திருத்தவில்லை, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தட்டை எடுக்கப் போனால் மீன் அப்படியே சோற்றுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. மறைக்கத் தெரிந்த கையால் சாப்பிடத் தெரியவில்லை.

குழந்தை எடை குறைச்சல் என்று போன ஸ்கேனில் சொன்னார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அவள் மேலா, மீன் மேலா என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ரெக்ஸன் கூப்பிட்டான். கப்பல் எங்கோ ஆப்பிரிக்கா பக்கம். என்ன ஆக்கிக் கொடுத்தாலும் தின்ன மாட்டேங்கிறாள் என்று புலம்பினேன்.

"அவ கேக்க மாட்டாம்மா. நீயா கண்டுபிடிச்சாத்தான் உண்டு."

"நான் என்ன ஜோசியக்காரியா? கட்டுனவன் நீ, சொல்லு."

யோசித்துவிட்டுச் சொன்னான். கோவையில் முதல் சம்பளம் வாங்கிய அன்று தனியாக ஒரு கடைக்குப் போய் ஒரு சீஸ்கேக் வாங்கித் தின்றாளாம். உலர்பழமும் பருப்பும் போட்டு ஓவனில் சுட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவனிடம் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாளாம். ஒரு மணி நேரம்! என்னிடம் இந்த இரண்டு வருடத்தில் மொத்தமாகச் சேர்த்தால் அவ்வளவு பேசியிருப்பாளா என்பது சந்தேகம்.

மார்ச் 11, செவ்வாய்

கஸ்பாரை அனுப்பி பெரிய கடையிலிருந்து சீஸ்கேக் வாங்கி வரச் சொன்னேன். வந்தது ஐஸ் மாதிரி ஜில்லென்று ஒரு வழவழப்பு. மேலே சிவப்பாக ஏதோ ஜெல்லி. இரண்டு ஸ்பூன் தின்றுவிட்டு "நல்லாருக்குங்க அத்தை" என்றாள். பத்தே நிமிடத்தில் வாந்தி.

சுடாமல் குளிரவைத்தே செய்வதும் உண்டாம். அவள் கேட்டது அது இல்லை. கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

கிறிஸ்மஸ் கேக்குக்கு வருடம் ஒருமுறை பரணிலிருந்து இறங்கும் வட்ட ஓவனை இன்றே இறக்கிவிட்டேன். கஸ்பார், "ஏளா கொர்னேலி, பால் பண்டம் செய்யப் போற, ஆனா வாயில வைக்க மாட்ட. எனக்குச் சர்க்கரை, நானும் வைக்க முடியாது. பின்ன யாரு ருசி பாக்கது?" என்றார்.

யார் தின்னப் போகிறாளோ அவளே பார்க்கட்டும் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாள் வேலை இது. கிரீம் சீஸ் எல்லாம் வேண்டாம், கெட்டித் தயிர் போதும் என்று வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். என் தையல் பெட்டியிலிருந்து புது மல் துணியை எடுத்து, அலசி, தயிரைக் கட்டிச் சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். ராத்திரி முழுக்கச் சொட்டியது. காலையில் பார்த்தால் வெண்ணெய் போல நிற்கிறது. பனீரை மிக்சியில் அரைத்து, அதோடு தயிர், டின்பால், இரண்டு முட்டை, கொஞ்சம் சோளமாவு. அடியில் மாரி பிஸ்கட்டைத் தூளாக்கி வெண்ணெயில் பிசைந்து அமுக்கினேன். பேரீச்சை, அத்திப்பழம், கிஸ்மிஸ், பாதாம், முந்திரி எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கிக் கலந்தேன்.

வெளியே வந்ததைப் பார்த்து அழாத குறை. மேலெல்லாம் வெடித்து, தண்ணீர் வற்றிய உப்பளம் மாதிரி கிடந்தது. பழம் மொத்தமும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. கஸ்பார் எட்டிப் பார்த்து, "நம்ம தம்பி அளத்த விட இது நல்லாவே வெடிச்சிருக்கு" என்றார். அவர் தம்பிக்கு முத்தையாபுரம் பக்கம் உப்பளம்.

ஆனால் ஜோவிட்டா ஒரு துண்டு முழுக்கத் தின்றாள். வாந்தி இல்லை. தட்டில் எதுவும் புதைந்திருக்கவும் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் ஐந்து நிமிடம் சும்மா நின்றேன்.

மார்ச் 19, புதன், சூசையப்பர் திருநாள்

இருபத்து நான்கு வாரம்.

இரண்டாவது கேக் வெடிக்கவில்லை. ரகசியம் தண்ணீர். கேக் தட்டை வெள்ளித்தாளில் பொதிந்து, தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டில் வைத்துச் சுட வேண்டும். சுட்டபின் உடனே வெளியே எடுக்கவும் கூடாது. மூடியைக் கொஞ்சம் திறந்து ஒரு மணி நேரம் உள்ளேயே விட வேண்டும். பழத்தையும் பருப்பையும் மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் இறங்குவதில்லை. தலையணையில் சாய்ந்தபடி போனில் தேடி இதையெல்லாம் ஜோவிட்டாதான் வாசித்துச் சொன்னாள். அவள் வாசிக்க, நான் கதவருகே நின்று கேட்க, எங்களுக்குள் முதல்முறையாக ஒரு பேச்சு நடந்தது. பேச்சு முழுக்க மைதாவைப் பற்றித்தான்.

எடை பார்த்தோம். அறுநூறு கிராம் கூடியிருக்கிறாள். நான் தெருவில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 22, சனி

மூன்றாவது கேக். பார்க்க அவ்வளவு அழகு, போட்டோ எடுத்து ரெக்ஸனுக்கு அனுப்பினேன். டின்பால் குறைவாக இருந்ததால் நான்கு ஸ்பூன் பொடித்த சீனி சேர்த்தேன். ஜோவிட்டா இரண்டு துண்டு தின்றாள். இரண்டு! "இன்னிக்குத்தான் ரொம்ப நல்லாருக்குங்க அத்தை." நிறையத் தண்ணீர் கேட்டாள். வெயில் அப்படி.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். தவக்காலத்தில் தலைக்கனம் பாவம். ஈஸ்டருக்குள் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம்.

மார்ச் 23, ஞாயிறு

தலைக்கனத்துக்கு உடனே கூலி கிடைத்தது.

பூசை முடிந்து வந்தால் பிரிட்ஜ் முன்னால் கஸ்பார் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார். திருட்டுத்தனமாக ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டிருக்கிறார். சர்க்கரை வியாதிக்காரரைத் திட்டலாம் என்று நான் மூச்சை இழுப்பதற்குள், "ஏளா, இது கேக்கா, கருவாடா?" என்றார்.

புரியவில்லை. "உப்பு, உப்பு. நாக்கு போச்சு" என்று கொப்பளிக்க ஓடினார்.

டின்னைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் தம்பி அளத்திலிருந்து எங்களுக்கென்று மாவு போல அரைத்து அனுப்புகிற உப்பு. பக்கத்து டின்னில் பொடித்த சீனி. இரண்டும் ஒரே மாதிரி டின், ஒரே வெள்ளை. இத்தனை வருடமாக விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பேன். இந்தத் தவக்காலத்தில் அந்த விரல் நாக்குக்குப் போகவில்லை. பேரெழுதி ஒட்டும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கு இருக்கிறது?

நேரே அவள் அறைக்குப் போனேன். "நேத்து கேக்கு உப்பா இருந்துச்சா இல்லையா?"

முகம் வெளுத்துவிட்டது. "கொஞ்சந்தானுங்க அத்தை."

"கொஞ்சமா? உங்க மாமா தொட்டியத் தேடி ஓடுதாரு. ரெண்டு துண்டு எப்படிட்டி முழுங்குன? வயித்துப் பிள்ளைக்கு உப்பு ஆகுமா? ஏன் சொல்லல?"

"நீங்க ரெண்டு நாளா நின்னு செஞ்சீங்க. அதான்."

நான் கத்தினேன் என்பது உண்மை. அவள் அழவில்லை. கத்தலைக் கேட்டுப் பழகிய முகத்தோடு, போர்வை ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டே இருந்தாள். அதற்குமேல் எனக்குக் கத்த வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே சொன்னாள். ஆறு வயதில் அம்மா போனபிறகு பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். "அங்க அவங்க எதைக் கேட்டாலும் நல்லாருக்குன்னு சொல்லிட்டா பிரச்சனை இல்லீங்க அத்தை. பசிக்கலைன்னு சொன்னா இன்னும் நல்லது."

உடனே பிரஷர் பார்க்கச் சொல்லிப் பக்கத்துத் தெரு நர்ஸைக் கூட்டி வந்தேன். சரியாக இருந்தது. மீதிக் கேக்கைக் குப்பையில் போட்டேன். பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மார்ச் 25, செவ்வாய், மங்கள வார்த்தை திருநாள்

டின்களில் பேரெழுதி ஒட்டினேன்.

இரண்டு நாளாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்ன ஒவ்வொரு "நல்லாருக்கு"ம் இப்போது எனக்கு உதைக்கிறது. இடுப்பு வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். தூக்கம் வருதா என்றால் வருகிறது என்கிறாள். நாலு ஸ்பூன் உப்பை விழுங்கிச் சிரித்தவள் வேறு எதைத்தான் விழுங்க மாட்டாள்?

இந்தப் பழக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த பழக்கம். முன்பு நானும் ஒரு ஆகஸ்ட் மாதம். மாதா கோயில் திருநாள் சமயம். வீடு நிறைய விருந்தாளிகள்.

வேண்டாம். நாளைக்குப் பனீர் வாங்க வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

நாலாவது கேக். சீனிதான். கஸ்பாரிடம் டின்னை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். சீனிக்கு வாசம் கிடையாது என்று சிரித்தார்.

ஏப்ரல் 2, புதன்

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இருபத்தாறு வாரம் இன்று. காலையில் இட்லி கொண்டுபோனபோது ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதட்டுக்கு மேலே வேர்வை. என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்லீங்க அத்தை. வாயுதான்." பெருங்காயத் தண்ணி கொடுக்கவா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவளும் "சரிங்க" என்றுதான் சொல்லியிருப்பாள். நான் நகரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சிரித்தபடி போர்வையை இறுக்கிப் பிடித்தாள். விட்டாள். எட்டு நிமிடம். மறுபடி பிடித்தாள்.

"ஏட்டி, என் முகத்தைப் பாரு. உப்பு கேக்க முழுங்குன மாதிரி இதையும் முழுங்காத."

அப்போதுதான் உடைந்தாள். "விடியக்காலைல இருந்து வலிக்குதுங்க அத்தை."

கஸ்பார் சட்டை கூடப் போடாமல் ஆட்டோவுக்கு ஓடினார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஊசி. ட்ரிப்ஸ். வலி குறைந்திருக்கிறது. நின்றுவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

நின்றுவிட்டது. தையல் பிரியவில்லை. பிள்ளையின் நுரையீரல் பலத்துக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டு, "சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா என் கையில இருந்திருக்காது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

கேக்கில் உப்பு விழுந்த கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். இருபத்தெட்டு வாரத்துக்கு முன்பாகவே சிரித்துவிட்டார். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

சொன்ன கதை பொய்யில்லை. முழுசுமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ரெக்ஸன் போனில் அழுதான். முப்பது வயதுக் கழுதை, கப்பல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று அழுகிறான். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அழுகிறான் என்று மட்டும் தெரிந்தது.

புதுச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறேன். ஜோவிட்டா தினமும் ஒரு குறையாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மத்தியானம் மீன் குழம்பு. இன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்து, "ஃபேன் கொஞ்சம் சத்தம் போடுதுங்க அத்தை" என்றாள். ஃபேனுக்கு எண்ணெய் போட்டாயிற்று.

ஏப்ரல் 11, வெள்ளி

ஃபேனுக்குப் பிறகு வந்த குறைகள்: தலையணை உறை சொரசொரப்பு. மாமா டி.வி.யில் செய்தியை அலற விடுகிறார். இன்று மூன்றாவது: "நீங்க ஜெபமாலை சொல்லும்போது ரொம்ப வேகமா சொல்றீங்க அத்தை. மாதாவுக்கே புரியாது."

எனக்குச் சுருக்கென்று வந்தது. நாற்பது வருடமாகச் சொல்கிறேன், மாதா இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. கஸ்பார் அடுத்த அறையில் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். சட்டத்தைப் போட்டவள் நான், என்ன செய்ய. இன்று மெதுவாகச் சொன்னேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

குருத்தோலை கொண்டுவந்து அவள் கட்டில் தலைமாட்டில் செருகினேன். சிலுவை மாதிரி மடித்துத் தரச் சொன்னாள். கேட்டு வாங்கினாள்.

ஏப்ரல் 16, புதன்

இருபத்தெட்டு வாரம்.

ஸ்கேனில் குழந்தை ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. டாக்டரம்மா சொன்ன சொல் தவறாமல் சிரித்துப் பேசினார். தினம் அரை மணி நேரம் நாற்காலியில் உட்காரலாமாம். இனி ஒவ்வொரு வாரமும் லாபம் என்றார். ஆட்டோவில் வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் விடவில்லை. வியர்த்துப்போய்க் கையெல்லாம் ஒரே பிசுபிசுப்பு.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. துவையல். வீடு அமைதியாக இருந்தது.

மூன்று மணி ஜெபம் முடிந்து அவளருகில் உட்கார்ந்திருந்தேன். "அத்தை, அன்னிக்கு வாயுன்னு சொன்னேன்ல. ஏன் நீங்க நம்பலை?" என்று கேட்டாள்.

"கேக்குலதான் உன் பொய்யப் பாத்துட்டேனே."

"அது மட்டுமா?"

மட்டுமில்லை. சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், ஒரு தடவையோடு போகட்டும்.

ரெக்ஸனுக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை. ஏழு மாதம். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன், மாதா கோயில் திருநாள். வீட்டில் இருபது பேர், எல்லாருக்கும் அடை மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். வலி வந்தது. மாமியார் "என்ன கொர்னேலி, முகம் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்கத்தான் செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான்தான் "ஒண்ணுமில்ல மாமி, வாயு" என்றேன். புதுசாக வந்த மருமகள், திருநாள் வீட்டைக் கெடுத்துவிட்டாள் என்று பேர் வந்துவிடுமே என்ற பயம். அதே சொல். வாயு. ஜோவிட்டாவும் அந்தச் சொல்லையே சொன்னதால்தான் நான் அன்று அங்கிருந்து நகரவில்லை.

பெண் பிள்ளை. கொஞ்ச நேரம் இருந்தாள்.

எல்லாரும் கடவுள் சித்தம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான் வாயைத் திறக்காததால் போனாள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, கஸ்பாரிடம்கூட.

ஜோவிட்டா என்னைத் தேற்றவில்லை. என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். கஞ்சிப் பானை அடுப்பில் பிடித்துப்போன வாசம் வந்தபிறகுதான் எழுந்தேன்.

ஏப்ரல் 19, பெரிய சனி

ஈஸ்டர் கேக். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு மகாராணியை உட்காரவைத்தோம். அரை மணி நேரம்தான் என்று கஸ்பார் கையில் கடிகாரத்தோடு காவல்.

அவள் வாயில் வந்ததெல்லாம் உத்தரவு. பிஸ்கட் இன்னும் பொடியணும். வெண்ணெய் அதிகம். பருப்பை வறுங்க, பச்சையா போட்டா நமுத்துப் போகும். எலுமிச்சைத் தோல் துருவினது எங்கே? கலவையை ரொம்ப அடிக்காதீங்க, காத்து ஏறுனா வெடிக்கும். முப்பது வருடம் நான் பிள்ளைகளை விரட்டியதற்கு இப்போது ஒட்டுமொத்தமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். சீனி டின்னைக் கையில் எடுத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் "பாத்து!" என்றார்கள். ஜோவிட்டா விரலை நீட்டினாள். ஒரு துளி போட்டேன். நக்கிப் பார்த்து, "சீனிதான்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

சுட்டெடுக்க ஒரு மணி நேரம் பத்து நிமிடம். ஒரு விரிசல் இல்லை. நடுவில் தட்டினால் லேசாக ஆடியது, அப்படித்தான் ஆட வேண்டுமாம்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

இருபத்தெட்டு வாரமும் நாலு நாளும்.

காலைப் பூசை முடிந்து வந்து, புடவை கூட மாற்றாமல் பிரிட்ஜைத் திறந்தேன். மூன்று தட்டு. நாற்பத்தாறு நாள் கழித்து என் நாக்கில் பட்ட முதல் இனிப்பு. வறுத்த பாதாம் கடிபட்டது, அத்திப்பழம் இழுபட்டது, அந்தத் தயிர்ப் புளிப்பு பின்னால் மெல்ல வந்தது. இவ்வளவு நல்ல பண்டத்தையா இத்தனை நாள் கண்ணால் மட்டும் பார்த்துச் செய்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

"எப்படிட்டி இருக்கு?"

ஜோவிட்டா மென்று, விழுங்கி, நிதானமாகச் சொன்னாள். "அடி பிஸ்கட் ஊறிடுச்சுங்க அத்தை. வெள்ளித்தாள்ல எங்கயோ ஓட்டை, தண்ணி எறங்கியிருக்கு. ஏலக்காய் போட்டீங்களா? நான் பாக்காதப்ப போட்டிருக்கீங்க. ஏலக்காய் போட்டா சீஸ்கேக் பாயசமாயிடும்."

ஏலக்காய் போட்டதென்னவோ நிஜம். ஈஸ்டர் காலையில் மருமகளிடம் பிடிபட்டு நிற்கிறேன். நல்ல கோபம் வந்தது. "அப்போ தின்னாத, வை" என்றேன். "அதெல்லாம் முடியாது" என்று தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

கஸ்பாருக்கு விரல் அளவு ஒரு துண்டு வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் கேட்டாள். "அத்தை, பாப்பாவுக்குப் பேர் வச்சிருந்தீங்களா?"

எந்தப் பாப்பா என்று நான் கேட்கவில்லை. கத்தி கையில் அப்படியே நின்றது. கஸ்பார் தலையைத் தூக்கினார். இத்தனை வருடத்தில் அவரும் கேட்டதில்லை, என் அம்மாவும் கேட்டதில்லை, பங்குச் சாமியாரும் கேட்டதில்லை. வைத்திருந்தேன். திருநாளுக்கு முந்தின வாரம், வயிற்றில் உதைத்தபோது, கிணற்றடியில் தனியாக நின்று வைத்த பேர். அவள் போனபிறகு அந்தப் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை.

"அமலி" என்றேன்.

சொல்லிவிட்டு நின்றேன். வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கஸ்பார் மெல்ல ஒருமுறை, "அமலி" என்று சொல்லிப் பார்த்தார். நான் வெட்டிய துண்டு போதாமல் இன்னொரு துண்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சர்க்கரை என்று நான் தடுக்கவில்லை.

ஜோவிட்டா குனிந்து, இரண்டு கையையும் வயிற்றில் வைத்து, உள்ளே இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னாள்.

"பாப்பா, கேட்டுக்கோ. உங்க அப்பாவுக்கு ஒரு அக்கா. உனக்கு அத்தை. அமலி அத்தை."